புடவை இறங்கும் வரை

என்ன வேலை பார்க்கிறாய் என்று ஊரில் யாராவது கேட்டால், "லைட்டு வேலை" என்று சொல்லிவிடுவேன். எலக்ட்ரீஷியன் என்று நினைத்துக்கொண்டு போனவர்கள் உண்டு. ஒரு தடவை ஆரணி பஸ் ஸ்டாண்டில் தூரத்துச் சொந்தக்காரர் ஒருவர், தன் வீட்டு டியூப் லைட் விட்டு விட்டு எரிவதைப் பற்றிப் பத்து நிமிஷம் என்னிடம் பேசினார். ஸ்டார்ட்டரை மாற்றிப் பாருங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். நல்ல யோசனை என்று சந்தோஷமாகப் போனார்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு வந்த அந்த வருஷங்களில் நான் செய்துகொண்டிருந்தது வேறு. வெளிநாட்டில் ஓர் ஏரிக்கரை ஊரின் பல்கலைக்கழகத்தில், ஒளியை ஒவ்வொரு துகளாக அனுப்பி, அதைக்கொண்டு இரண்டு பேர் ரகசியம் பேசிக்கொள்ள வழி செய்கிற ஆராய்ச்சி. குவாண்டம் தகவல் தொடர்பு என்று பெயர். பெயர் பெரிதாக இருக்கிறதே தவிர, என் அன்றாட வேலை எண்ணுவதுதான். ஒரு துகள் வந்து சேர்ந்தால் கருவி 'டிக்' என்னும். வராவிட்டால் ஒன்றும் சொல்லாது. டிக்குகளைக் கணக்கில் எடுத்துக்கொண்டு, ஒன்றும் கேட்காத நேரங்களைத் தள்ளிவிடுவோம். அப்படித் தள்ளிவிடுவதில் தவறு ஒன்றும் இல்லை. அந்தக் கணக்கே அப்படித்தான் போட வேண்டும்.

அதே பழக்கத்தை வீட்டுக்கும் கொண்டுபோனேன். என் அக்கா போனது அதனால்தான் என்று சொன்னால் என் வீட்டுக்காரருக்குக் கோபம் வரும். "நோய் வந்து போனாங்க, உன்னாலயா போனாங்க?" என்பார். அவர் சொல்வது சரியாகவே இருக்கலாம். எனக்கு மனசு ஆறவில்லை, அவ்வளவுதான்.

அக்கா என்னைவிட எட்டு வயது மூத்தவள். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அப்பா இறந்தபோது நான் ஆறாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். தறியில் நீளமாகக் கட்டிய பாவு பாதி நெய்தபடி அப்படியே நின்றது. காரியம் முடிந்த மறுநாள் அக்கா தறிக் குழிக்குள் காலை இறக்கி உட்கார்ந்து மீதியை நெய்தாள். எனக்காகத்தான் படிப்பை விட்டாள் என்று யாராவது கண் கலங்கினால் அவளுக்குப் பிடிக்காது. "நான் ஒண்ணும் தியாகம் பண்ணல. எனக்கு கணக்கு வராது, தறி வரும்" என்பாள். அது உண்மைதான். அப்பாவைவிட அவள் கைவேலை சுத்தம். பட்டு கொடுத்து நெய்யச் சொல்கிற முதலாளியே, கல்யாணப் புடவை என்றால் எங்கள் வீட்டுக்குத்தான் பாவு அனுப்புவார்.

சின்ன வயதில் அவளுக்கு ஒரு காய்ச்சல் வந்து, முட்டியெல்லாம் வீங்கி, ஒரு மாதம் படுத்துக் கிடந்தாள். அதற்குப் பிறகு அவளுக்கு மூச்சு வாங்கும். எங்கள் வீட்டில் அதை ஒரு நோயாக யாரும் எண்ணவில்லை. சிலருக்குச் சுருட்டை முடி இருப்பதுபோல அக்காவுக்கு மூச்சு வாங்கும். தேவிகாபுரம் மலைக்கோயிலுக்குப் போனால் பாதிப் படியிலேயே உட்கார்ந்துவிடுவாள். "சாமிக்கு என்னப் பாக்கணும்னா எறங்கி வரட்டும், நான் இங்கதான் இருக்கேன்" என்று முந்தானையால் விசிறிக்கொள்வாள். நாங்களும் சிரித்துவிட்டு, அவளுக்கும் சேர்த்துக் கும்பிட்டு வருவோம். பெண் பார்க்க வந்தவர்கள் இரண்டு பேர் இந்த மூச்சைப் பற்றித் துருவிக் கேட்டார்கள். மூன்றாவது ஆளை அவளே வரவேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.

நான் காலேஜுக்குப் போய்க்கொண்டிருந்த காலத்திலும் ஒரு வேலை மட்டும் எனக்கும் அவளுக்கும் பொதுவாக இருந்தது. ஒரு புடவை முடிந்ததும், காலை வெயில் விழும் பின்பக்கத்து வாசலில் ஆளுக்கொரு முனையைப் பிடித்துக்கொண்டு நிற்போம். தறியில் குறுக்கே ஓடும் ஊடை இழை ஒவ்வொன்றும் போனபின் பலகையை இழுத்து அடிக்க வேண்டும். ஒரே அளவாக அடித்தால் இழைகள் நெருங்கி உட்காரும். கை தளர்ந்தால் நடுவே இடைவெளி விழும். மடித்து வைத்துப் பார்த்தால் தெரியாது. வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் அந்த இடம் மட்டும் மெலிந்து, வெயில் கசிந்து தெரியும். முழம் முழமாக நகர்த்திப் பார்ப்போம். அக்கா நெய்ததில் நான் ஒரு நாளும் அப்படி ஓரிடத்தைக் கண்டதில்லை. கண்டுபிடித்தால் அவளை ஒருமுறையாவது கேலி செய்யலாமே என்று ஆசையாகத் தேடியிருக்கிறேன்.

எங்கள் வீட்டில் இன்னொரு வழக்கம் உண்டு. ஊர் முழுக்க இப்படியா, எங்கள் தெருவோடு சரியா என்று எனக்குத் தெரியாது. முகூர்த்தப் புடவை தறியில் ஏறிவிட்டால், அது இறங்கும் வரை அந்தக் கூரைக்குக் கீழே நல்ல பேச்சு மட்டும்தான் பேச வேண்டும். நோய், சாவு, சண்டை எதுவும் வாயில் வரக்கூடாது. புடவையை அறுத்து எடுப்பது என்றுகூடச் சொல்லமாட்டோம், இறக்குவது என்போம். உப்பு தீர்ந்துபோனால் அம்மா "உப்பு நெறஞ்சிருக்குது" என்பாள். நான் டம்ளரை எடுத்துக்கொண்டு கடைக்கு ஓடுவேன். சாவுச் சேதி கொண்டு வருகிற ஆள் உள்ளே வரமாட்டார். வெளியிலிருந்தே "கொஞ்சம் வந்துட்டுப் போங்க" என்பார். என் மாமா இறந்த சேதியை அம்மா அப்படித்தான் தெரு முனைக்குப் போய்க் கேட்டாள். அங்கேயே மாவு மில் ஓரமாக நின்று அழுது முடித்து, மில்காரர் வீட்டுக் குழாயில் முகம் கழுவிக்கொண்டு வந்து, தார் சுற்ற உட்கார்ந்தாள். ஊடையைக் கொண்டு ஓடும் நாடாவுக்குள் வைக்கும் நூலைக் குழலில் சுற்றுவதுதான் அவள் வேலை. நூல் அறுந்துகொண்டே இருந்தது. முடிச்சுப் போட்டுப் போட்டுச் சுற்றினாள்.

அக்காவுக்கு இதிலெல்லாம் பெரிய நம்பிக்கை இருந்ததாகத் தெரியவில்லை. ஊரார் கல்யாணப் புடவையைத் தறியில் வைத்துக்கொண்டு அவள் திட்டாத ஆள் கிடையாது. அம்மா பல்லைக் கடித்துக்கொண்டு கண்ணைக் காட்டுவாள். "அவங்க நல்லா வாழணும்னா அவங்க ஒழுங்கா இருக்கணும், நான் பேசாம இருந்தா ஆச்சா?" என்று கேட்டுவிட்டு மறுபடியும் திட்டுவாள்.

வெளிநாடு போய் ஒரு வருஷம் கழித்து லீவில் வந்திருந்தபோது, தறிக்குப் பக்கத்தில் கால் நீட்டி உட்கார்ந்து அவளோடு பேசிக்கொண்டிருந்தேன். "அப்டி இன்னாடி படிக்கிற நீ? வெளக்கமா சொல்லு. அம்மா கேக்கறவங்ககிட்ட எல்லாம் கரண்ட் ஆபீஸ்ல வேலன்னு சொல்லிகினு இருக்குது" என்றாள்.

"ஒரு சேதிய வெளிச்சத்துல வச்சு அனுப்பறோம்க்கா. வெளிச்சத்த கொறச்சிகினே போனா கடசியா ஒரு துண்டு நிக்கும். அதுக்கு மேல பிரிக்க முடியாது. அந்த ஒத்தத் துண்டுல வச்சு அனுப்பறோம். நடுவுல யாரனா எட்டிப் பாத்தா அது மாறிடும். அத வச்சு, யாரோ பாத்துட்டாங்கன்னு நமக்குத் தெரிஞ்சிடும்."

அக்கா பலகையை இழுத்து ஓர் அடி அடித்துவிட்டுச் சிரித்தாள். "கண்ணு பட்டா கெட்டுப்பூடும். இத்த கண்டுபுடிக்க ஏரோப்ளேன் ஏறிப் போனியா?"

எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. என் பேராசிரியர் ஒரு மணி நேரம் பாடம் நடத்துவதை இவள் ஒரு வரியில் முடித்துவிட்டாள். ஆனால் அவள் அதோடு விடவில்லை.

"அனுப்பற துண்டெல்லாம் ஒழுங்கா போய்ச் சேருதா?"

"எங்க சேருது? கண்ணாடி இழைக்குள்ள போறப்பவே பாதி செத்துப்பூடும். தூரம் ஆக ஆக வரதே கஷ்டம். நடுவுல பெருசாக்கி அனுப்பவும் முடியாது. சில நேரம் நாங்க அனுப்பறதே வெறுசா போவும், உள்ள ஒண்ணுமே இருக்காது."

"அப்ப அந்தாண்ட இருக்கறவனுக்கு எப்டித் தெரியும்? அனுப்பலயா, வழியில தொலஞ்சிபோச்சான்னு?"

"தெரியாது. தெரிஞ்சிக்கவும் வேணாம். டிக்குனு கேட்டத மட்டும் வச்சிப்போம். கேக்காதத தள்ளிடுவோம்."

"தள்ளிடுவீங்களா?" நாடாவைக் கையில் வைத்தபடியே என்னைப் பார்த்தாள். "வராததுலயும் எதனா இருக்குமேடி."

"அதுல ஒண்ணும் இருக்காதுக்கா. வராததுன்னா வராததுதான். நீ பேஜார் பண்ணாத" என்று சொல்லிவிட்டு எழுந்து போனேன். படித்தவள் என்ற திமிர் கொஞ்சம் இருந்தது. இப்போது நினைத்தால் அந்த வாயில் ஒன்று போடலாம் போல இருக்கிறது.

அதற்கு இரண்டு வருஷம் கழித்து எனக்குக் கல்யாணம் நிச்சயம் ஆனது. மாப்பிள்ளைக்குச் சொந்த ஊர் தேசூர் பக்கம், வேலை சென்னையில். நான் வந்து நிச்சயத்தை முடித்துக்கொண்டு திரும்பிப் போனேன். இன்னும் மூன்று மாதத்தில் கல்யாணம், அதற்குள் என் சோதனையை முடித்துவிட வேண்டும் என்று திட்டம். என் முகூர்த்தப் புடவையை அக்காதான் நெய்வாள் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. முதலாளியிடம் பேசி, அவர் பாவு முடிந்ததும் ஒரு மாதம் தறியைத் தனக்கு எடுத்துக்கொண்டாள். அரக்கு உடல், பச்சை பார்டர். முந்தியில் என்ன போடப் போகிறாள் என்று சொல்ல மறுத்துவிட்டாள்.

எங்கள் வீட்டுக்கு அப்போது போன் வந்திருந்தது. வீடே ஒரு கூடம்தான் என்பதால், போனும் தறிக்கு மேலே இருக்கிற பலகைத் தட்டில்தான் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நான் பேசுவேன். அக்கா ரிசீவரைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு, நெய்துகொண்டே பேசுவாள். பேச்சுக்கு நடுவே பலகை விழும் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். "கொஞ்சம் நிறுத்தேன்க்கா, காதுக்குள்ள இடிக்குது" என்று நான் சண்டை போடுவேன். "நீ பேசற பேச்சுக்கு தறிய நிறுத்தணுமா?" என்பாள்.

பாவு ஏறிய வாரம் நான் பேசியபோது அவள் உற்சாகமாக இருந்தாள். "இன்னிலேர்ந்து இந்த வீட்ல நல்ல வார்த்த மட்டும்தான். நீயும் அங்கேர்ந்து மூக்கால அழாத" என்றாள். அவளா இப்படி என்று எனக்கு ஆச்சரியம். யாரையும் திட்டக்கூட மாட்டேன் என்றாள். ஒரு வாரம் தாங்குவாயா என்று கேலி செய்தேன். பலகைச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

அடுத்த ஞாயிறு பேச்சு சுருக்கமாக முடிந்தது. "நல்லா இருக்கேன். பொடவ நல்லா வந்துகினு இருக்குது. நீ நல்லா சாப்புடு." அதற்குள் அம்மா ரிசீவரை வாங்கிக்கொண்டாள். அம்மாவும் நல்லா இருக்கோம் கண்ணு, நல்லா இருக்கோம் என்று மூன்று தடவை சொன்னாள். நல்ல வார்த்தை விரதம் என்று நினைத்துக்கொண்டேன். முகூர்த்தப் புடவை தறியில் இருக்கும்போது எங்கள் வீட்டில் பேச்சு குறைவதை நான் எத்தனை தடவை பார்த்திருக்கிறேன்! எனக்குத் தெரியாத வழக்கமா? தெரியாமல் இருந்திருந்தால் சந்தேகப்பட்டிருப்பேன். தெரிந்ததால் ஏமாந்தேன்.

அன்றைக்குப் பலகைச் சத்தம் கேட்கவில்லை. அது அப்போது எனக்குத் தோன்றவில்லை. டிக் டிக் என்று எண்ணுவதற்காகவே சம்பளம் வாங்குகிற ஒருத்தி, தன் அக்காவின் தறி ஓடாததைக் கவனிக்கவில்லை. சத்தம் இல்லாததால் பேச்சு தெளிவாகக் கேட்கிறது என்று நினைத்தேன்.

அந்த வாரம் புதன்கிழமை எங்கள் சோதனையின் முக்கியமான நாள். அறைக்குள்ளேயே சுருட்டி வைத்த இழையில் செய்துகொண்டிருந்ததை, ஊருக்கு அடியில் ஓடுகிற நிஜமான டெலிபோன் கேபிள் இழையில் செய்து பார்த்தோம். அறையில் துளி வெளிச்சம் வரக்கூடாது என்பதால் ஜன்னல், கதவிடுக்கு எல்லாம் கறுப்புத் துணி ஒட்டி, பட்டப்பகலில் இருட்டில் உட்கார்ந்திருந்தோம். மறுமுனையில் கருவி டிக் டிக் என்று சொல்லத் தொடங்கியதும் நான் எழுந்து நின்றுவிட்டேன். அனுப்பியதையும் வந்ததையும் ஒப்பிட்டுப் பார்த்தால், தவறு மிகக் குறைவு. நடுவில் யாரும் எட்டிப் பார்க்கவில்லை, அனுப்பியது அனுப்பியபடியே வந்திருக்கிறது என்று அதற்கு அர்த்தம். பேராசிரியர் எல்லோருக்கும் கேக் வாங்கி வந்தார்.

கேக் சாப்பிட வெளியே வந்தபோது என் செல்போனில் ஒரு தவறிய அழைப்பு இருந்தது. எண்ணைப் பார்த்தேன். எங்கள் ஊர் எண்தான். ஆனால் எங்கள் வீட்டு எண் இல்லை. கல்யாணத்துக்கு வரும்போது சென்ட் பாட்டில் வாங்கி வா, சாக்லேட் வாங்கி வா என்று கேட்கிற கூட்டம் எங்கள் சொந்தத்தில் உண்டு. அவர்களில் யாரோ என்று நினைத்தேன். வேண்டுமென்றால் மறுபடி கூப்பிடட்டும் என்று போனைப் பையில் போட்டுக்கொண்டேன். மறுபடி வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பேசும்போது அம்மாதான் எடுத்தாள். அக்கா எங்கே என்றேன். "முந்தி போட்டுகினு இருக்கா. ஜரிக வேல, எழுந்திருக்க முடியாது. நல்லா இருக்கா." புதன்கிழமை யாராவது எனக்குப் போன் செய்தார்களா என்று கேட்டேன். லைன் கட்டாகிவிட்டதோ என்று ஹலோ ஹலோ என்றேன். "தெரியலயே கண்ணு" என்றாள். "நீ நல்லா இருக்கியா?" நல்லா இருக்கேன் என்று சொல்லி, சோதனை வெற்றி பெற்ற கதையை ஆரம்பித்தேன். "நல்லது கண்ணு, நல்லது" என்று கேட்டுக்கொண்டாள். ஜரிகை வேலை நடந்துகொண்டிருந்தால் தறிச் சத்தம் கேட்க வேண்டும். அதையும் தள்ளிவிட்டேன்.

அடுத்த சனிக்கிழமை காலையில் வீட்டு எண்ணிலிருந்தே அழைப்பு வந்தது. எங்கள் வீட்டிலிருந்து எனக்கு யாரும் அழைத்ததே இல்லை, நான்தான் அழைப்பேன். "கண்ணு, பொடவ எறங்கிடுச்சு" என்றாள் அம்மா. அடுத்த மூச்சிலேயே, அத்தனை நாள் அடக்கி வைத்ததெல்லாம் உடைந்து வந்தது. "அக்காவுக்கு முடியலடி. வேலூருக்கு இட்டுகினு போறோம். ஜல்தி வாம்மா. கெளம்பி வாம்மா."

இரண்டு விமானம் மாறி, சென்னையிலிருந்து வாடகைக் காரில் நான் வேலூர் போகாமல் நேராக ஆரணிக்குப் போனேன். சென்னை விமான நிலையத்திலேயே எனக்கு நிச்சயமாகியிருந்த மாப்பிள்ளை காத்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை ஆஸ்பத்திரியில் அக்கா போய்விட்டாள். அவள் முகத்தைக்கூட நான் பார்க்கவில்லை. நான் வீட்டுக்குள் நுழைந்தபோது பால் தெளித்துவிட்டு வந்து எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். தறி காலியாக இருந்தது.

அம்மாதான் சொன்னாள். புடவையில் நாலு முழம் வந்திருந்தபோது ஒரு நாள் அக்கா பலகையின் மேலேயே சாய்ந்துவிட்டாள். வேலூருக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். இதயத்தில் ஒரு வால்வு சுருங்கிப்போயிருக்கிறது, சின்ன வயதில் வந்த காய்ச்சலின் வேலை இது, உடனே சேர்த்து ஆபரேஷன் செய்ய வேண்டும் என்று டாக்டர் சொன்னார். அக்கா இருபது நாள் கேட்டாள். டாக்டர் கோபப்பட்டார். மாத்திரையை வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள். தறியில் உட்கார்ந்து ஒரு ஜாண் நெய்வாள், படுத்துக்கொள்வாள். மறுபடி எழுந்து உட்காருவாள்.

"ஏம்மா எனக்குச் சொல்லல?" என்று கத்தினேன். சாவு வீடு என்றுகூடப் பார்க்கவில்லை. "வீட்டுக்குள்ள சொல்லக்கூடாதுன்னா வெளிய போய்ச் சொல்லியிருக்கலாம் இல்ல? மாமா செத்தப்ப தெரு முனையில போய் அழுத இல்ல? எனக்கு ஒரு போன் பண்றதுக்கு உனக்குத் தெரு முன கெடைக்கலயா?"

அம்மா என்னை நிமிர்ந்து பார்த்தாள். "பண்ணேண்டி" என்றாள்.

தெரு முனை எஸ்.டி.டி. பூத்துக்குப் போயிருக்கிறாள். என் எண்ணைச் சீட்டில் எழுதி எடுத்துக்கொண்டு போய், பூத்துக்காரரை விட்டுப் போடச் சொல்லியிருக்கிறாள். மணி அடித்துக்கொண்டே இருந்ததாம். கடைசியில் ஒரு பெண் இங்கிலீஷில் என்னவோ சொன்னாளாம். அது நான் இல்லை என்று மட்டும் அம்மாவுக்குத் தெரிந்திருக்கிறது. புதன்கிழமை. வீட்டுக்கு வந்ததும் அக்கா கண்டுபிடித்துவிட்டாள். அம்மாவின் கையைப் பிடித்துத் தறிப் பலகையின் மேல் வைத்துச் சத்தியம் வாங்கினாள். "சொன்னா அவ ஓடி வந்துடுவா. அவ வேலயும் நிக்கும், பொடவயும் நிக்கும். ஒரு கெட்ட வார்த்த இதும்மேல படக்கூடாது. முந்திதான பாக்கி? எறங்கினதும் நானே அவளுக்குப் போன் போட்டு சொல்றேன்." புடவை வெள்ளிக்கிழமை சாயங்காலம் இறங்கியது. அப்போது அவளால் ரிசீவரைப் பிடிக்க முடியவில்லை.

நான் வெளியே போய் மாவு மில் ஓரமாக நின்றேன். நான் எடுத்துப் பேசியிருந்தால் மறுநாளே வந்திருப்பேன். அவளை இழுத்துக்கொண்டு போய் ஆஸ்பத்திரியில் சேர்த்திருப்பேன். பிழைத்திருப்பாளா என்று எனக்குத் தெரியாது. திரும்பக் கூப்பிட்டிருக்கலாம் என்பது மட்டும் தெரியும். ஒரு பொத்தானை அழுத்தும் வேலை அது. சென்ட் பாட்டில் கேட்கிறார்கள் என்று பையில் போட்டேன்.

கல்யாணத்தை ஒரு வருஷம் தள்ளி வைத்தோம். அந்த ஒரு வருஷமும் வேலையைத் தொடர்ந்தேன். எங்கள் சோதனையைப் பற்றிப் பெரிய இடங்களில் பேசினார்கள். எதிர்காலத்தில் வங்கியும் ராணுவமும் இதில்தான் பேசும் என்றார்கள். அது நடக்கலாம். கருவி ஒன்றும் சொல்லாத நேரங்களை நான் இப்போதும் தள்ளிவிடத்தான் செய்கிறேன், வேறு வழியில்லை. ஆனால் அந்த வரிசைகளைத் திரையிலிருந்து அழிக்கும் ஒவ்வொரு தடவையும் என் விரல் ஒரு கணம் நிற்கிறது. கூட வேலை செய்கிறவர்கள் நான் மெதுவான ஆள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்பு ஊருக்கு வந்தேன். அம்மா பீரோவைத் திறந்து, மஞ்சள் துணியில் சுற்றி வைத்திருந்த புடவையை எடுத்தாள். அக்கா போன வீட்டுப் புடவை, கட்டலாமா என்று சொந்தத்தில் சிலர் முணுமுணுத்திருக்கிறார்கள். அம்மா மசியவில்லை. "அவ உசுரோட இருக்கறப்பவே எறங்கிடுச்சு. எறங்கற வரைக்கும் இந்த வீட்ல ஒரு கெட்ட வார்த்த யாரும் பேசல. இதவிட சுத்தமான பொடவ எது?" என்று அவர்களிடம் கேட்டிருக்கிறாள்.

"புடி" என்று ஒரு முனையை என்னிடம் கொடுத்தாள். பழக்கத்தில் இருவரும் பின்பக்கத்து வாசலுக்குப் போனோம். காலை வெயில் அடித்துக்கொண்டிருந்தது. முந்தியில் அக்கா என்ன போட்டிருந்தாள் என்று அப்போதுதான் பார்த்தேன். அன்னமும் இல்லை, மயிலும் இல்லை. வரிசை வரிசையாகச் சின்னப் புள்ளிகள், ஜரிகையில். சில இடங்களில் இரண்டு புள்ளி நெருங்கியும், சில இடங்களில் நடுவே ஒன்றிரண்டு விட்டுப்போனது போலவும். வந்த டிக்கும் வராத டிக்கும் போல, வேண்டுமென்றேதான் அப்படி இடம் விட்டிருந்தாள்.

உடலை வெளிச்சத்துக்கு எதிரே தூக்கினோம். முதல் நாலு முழம் சுவர் மாதிரி இருந்தது. அதற்குப் பிறகு ஓரிடத்தில் மெல்லிய கோடாக வெயில் கசிந்தது. நகர்த்தினேன். மறுபடி நெருக்கம், மறுபடி ஒரு கசிவு. அவள் உட்கார்ந்த நேரம், படுத்த நேரம், மறுபடி எழுந்து வந்து உட்கார்ந்த நேரம், எல்லாம் வெளிச்சத்தில் தெரிந்தது. ஏழாவது முழத்துக்கு மேல் நெருக்கம் குறைந்து கசிவு அதிகமானது. முந்திக்கு முன்னால் இரண்டு முழம், பலகையை இழுக்கவே தெம்பில்லாத கையால் அடித்தது. என் முகத்திலும் கழுத்திலும் வெயில் விழுந்தது. அம்மா சில வரிகளில் சொல்லி முடித்த அந்த நாள் ஒவ்வொன்றும் இதில் இருந்தது. நான் ஏரிக்கரையில் இருட்டறையில் உட்கார்ந்து வெளிச்சத்தை எண்ணிக்கொண்டிருந்த நாட்கள்.

அம்மா அந்த முனையில் நின்றாள். அவளுக்குக் கண்ணில் புரை விழுந்திருந்தது. இந்த அளவு நுணுக்கமாக அவளால் பார்க்க முடியாது.

"எப்டி இருக்குது கண்ணு?" என்றாள். "அடி சரியா இருக்குதா? எங்கயாவது தளந்துகீதா?"

முகூர்த்தப் புடவை. ஒரு வாரத்தில் கல்யாணம்.

"சரியா இருக்குதும்மா" என்றேன். "எப்பவும் போலத்தான் நெய்ஞ்சிருக்கா."

அம்மா தலையை ஆட்டினாள். அவள் விரல் மட்டும் கையில் இருந்த இழைகளைத் தடவிக்கொண்டே இருந்தது.